பொத்தானுக்குள் போன சந்தனம்

“தேனு, கடையிலேர்ந்து தூக்கியாந்த இந்தக் கம்ப்யூட்டர் செத்துப்போச்சு. நாளைக்கு இரும்புக்காரர்ட்டப் போட்டுருவோம். கடைக்குப் புதுசு வாங்கி, படிச்ச ஆளா ஒருத்தரையும் வைக்கணும்.”

“நான் ஒருக்காத் தொறந்து பாக்கட்டுமா?”

“நீயா? போயிக் காப்பியப் போடு!”

நேற்று அப்படிச் சிரித்தீர்களே, இந்தச் சீட்டைப் படித்ததும் மேஜைப் பக்கம் போய்ப் பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கிறது! மதர்போர்டு நன்றாகத்தான் இருக்கிறது. ஆயுத பூசைக்கு நீங்கள் அப்பிய சந்தனம் ஆன் பொத்தானுக்குள் இறங்கிக் காய்ந்து, அதை அமுங்கவிடாமல் பிடித்திருந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, முன்மூடியைக் கழற்றி, பழைய பல் பிரஷ்ஷால் சுரண்டினேன். ஒரே அமுக்கில் எழுந்துவிட்டது. கடை பில்கள் அத்தனையும் பத்திரம். பெருமை தாங்காமல் உங்கள் அம்மாவுக்கே போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு குன்றக்குடி போகிறேன். வத்தக்குழம்பு அடுப்படியில் இருக்கிறது, அப்பளம் மட்டும் பொரித்துக்கொள்ளுங்கள். இரும்புக்காரர் வந்தால் ஓட்டைக் குடத்தைக் கொடுத்து அனுப்புங்கள்.

தேனம்மை

அடுத்த பூசைக்குச் சந்தனப் பொட்டைத் திரைக்கு மேலே வையுங்கள், பொத்தானில் வேண்டாம்.

இன்னொன்று. கல்யாணமான நாளாகக் கேட்க நினைத்துக் கேட்காமலே இருந்தது. நானும் கம்ப்யூட்டர் படிச்சவதானே? வெளியில ஆள் தேடாதீக. கடையில அந்த நாற்காலிய எனக்குக் குடுங்க.