பந்தோபஸ்து போயிருக்கார்

12.6.2024
குழாயில் தண்ணீர் வரவில்லை. கீழே லாரியில் பிடித்து, மாடிப்படி ஏறி, குடத்தை இறக்கும்போது அவர் போன் அடித்தது. யாரோ வயசான அம்மா.

"ஏட்டையா கீறாராம்மா?"

"பந்தோபஸ்து போயிருக்காரு. வந்ததும் சொல்றேன்."

வைத்த பிறகுதான் உறைத்தது. எங்கேயிருந்து வருவார்? கல்யாணம் ஆனதிலிருந்து இதையே சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிவிட்டது. அவர் போய்ச் சேர்ந்தது மனசுக்குத் தெரிகிறது. வாய்க்குத் தெரியவில்லை.

13.6.2024
தூக்கமில்லை.

20.6.2024
மறுபடியும் அந்த அம்மா. பெயர் நஸ்ருன்னிசாவாம். மாசி மாசம் ஒரு நாள் காலையில் பால் வாங்கப் போனபோது பைக்கில் வந்தவன் கழுத்திலிருந்த, தங்கத்தில் கோத்த கருகமணியை அறுத்துக்கொண்டு போய்விட்டான். புருஷன் கட்டினது. அவரும் இல்லை இப்போது.

"தேடித் தரேன்னு ஏட்டையா என் கையப் புடிச்சு சொன்னாரும்மா."

இன்றைக்கு உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் எடுத்தேன். அதற்குள் அந்த அம்மா, "பாவம், ஓயாம அலையிறாரு. நேரத்துக்குச் சாப்பிட வைம்மா" என்றுவிட்டது. சரிம்மா என்றேன். வேறென்ன சொல்வேன்.

2.7.2024
ஸ்டேஷனுக்குப் போனேன். அவரோடு வேலை பார்த்த ஷீலா மட்டும் இருந்தாள். இட்லிப் பொட்டலம் பிரித்தபடி கிடந்தது, சட்னி காய்ந்துபோய். கருகமணி கேஸை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டேன்.

"அண்ணன் பாத்துக்கினு இருந்ததெல்லாம் எங்க தலையில பிரிச்சுப் போட்டுட்டாங்கக்கா. அவரு எடத்துக்கு இன்னும் ஆள் வரல. செல்போன் பறிப்பு தெனம் வந்துக்கினே கீது. இன்னிக்கு மந்திரி போற ரூட்டு, நாளைக்கு கோர்ட்டு. எம்புள்ள முழிச்சிருக்கப்போ மூஞ்சி பாத்து எத்தினி நாளாச்சு தெரியுமா?" பிறகு குரலை இறக்கி, "அந்தக் கருகமணிய இந்நேரம் உருக்கிருப்பான்க்கா" என்றாள்.

கோபப்படத்தான் போனேன். அவள் கண்ணைப் பார்த்தால் எப்படிக் கோபம் வரும்? இவரும் இப்படித்தான் சிவந்த கண்ணோடு வந்து நிற்பார்.

அவர் நாற்காலி காலியாகவே இருந்தது. மரியாதைக்கு விட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். உட்கார ஆள் இல்லை, அவ்வளவுதான்.

18.7.2024
இன்ஸ்பெக்டர் கூப்பிட்டு அனுப்பினார். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். வாரிசு வேலை மகள் நிலாவுக்குக் கிடைக்கும், எனக்கு ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். "ஸ்டேஷன்ல கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார்ற வேலைதாம்மா. பந்தோபஸ்தெல்லாம் கிடையாது. நான் பொறுப்பு."

பக்கத்தில் நின்ற நிலா தலையை ஆட்டுகிறாள். நான் பேனாவைத் தொடவில்லை.

வீட்டுக்கு வந்து கத்தினேன். உங்கப்பாவைத் தின்னது போதாதா? அறுபத்து மூவர் திருவிழா அன்னிக்கு மாட வீதியில நாளெல்லாம் நின்னாரு. அப்படியே ராத்திரி ரவுண்ட்ஸு. விடிஞ்சு வந்து ஒரு ஷூவைக் கழட்டுனாரு. இன்னொண்ண நான்தானடி கழட்டுனேன், உசுரு போனப்புறம்!

நிலா அழவில்லை. "இப்ப வேலை பாக்குற பெருங்குடி ஆபீஸ்ல மட்டும் நான் தூங்கிக்கினா கீறேன்?" என்றாள்.

19.7.2024
சோறு மீந்துபோனது.

11.8.2024
கொட்டிவாக்கத்தில் வீடு பார்த்தோம். வீட்டுக்காரர், "ஆம்பள யாரும் இல்லியா? யோசிச்சு சொல்றோம்" என்றார். போலீஸ்காரர் வீடு என்றால் ஒரு காலத்தில் கூப்பிட்டுக் கொடுப்பார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நிலா என் தோளில் சாய்ந்து தூங்கினாள். அசப்பில் அவர் மாதிரியே, வாயைத் திறந்துகொண்டு.

9.9.2024
கையெழுத்துப் போட்டேன்.

3.10.2024
நஸ்ருன்னிசா அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவர் இறந்துபோய்விட்டார், போன பங்குனியிலேயே என்று.

"செத்தவர வருவாரு வருவாருன்னு சொன்னியா? உன் பேச்ச நம்பி உக்காந்துகினு இருந்தேனே. ஸ்டேஷன் வாசல்ல போய் கத்தியாச்சும் இருப்பேனேம்மா" என்றது.

போனை வைத்துவிட்டது.

அவர் மேல் ஊரில் நாலு பேருக்கு நம்பிக்கை இருந்தது. அது ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதையும் நான்தான் கெடுத்தேன்.

17.2.2025
நிலா வேலைக்குச் சேர்ந்தாள். குவார்ட்டர்ஸில் இருந்துகொள்ளலாம் என்றார்கள். எல்லோரும் வந்து நல்லது நடந்தது என்கிறார்கள். இனிப்புக் கொடுத்தேன்.

6.3.2025
தினமும் இருட்டினபிறகுதான் வருகிறாள். ஏன் என்று கேட்டால், "ஆள் இல்லம்மா" என்கிறாள். அவர் குரல்.

10.4.2025
அறுபத்து மூவர். கபாலீஸ்வரர் கோயில் மேளம் இங்கே வரை கேட்கிறது. நான் போகவில்லை.

விடிவதற்கு முன்னாலேயே நிலாவைக் கூப்பிட்டுவிட்டார்கள். மாட வீதியில் காணாமல் போகிற பிள்ளைகள் பெயரை மைக்கில் சொல்ல ஆள் வேண்டுமாம். பொறுப்பு என்று சொன்ன இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போய் மாசமாகிறது. புது ஷூ கடிக்கிறது என்று பஞ்சு வைத்துக்கொண்டு போனாள்.

மத்தியானம் அவர் போன் அடித்தது. ரொம்ப நாளாக யாரும் கூப்பிடாத போன். சார்ஜ் மட்டும் போட்டு வைத்திருக்கிறேன்.

"மேடம் இருக்காங்களா? என் செல்போன அடிச்சுக்கினு போயிட்டான். ஸ்டேஷன்ல கம்ப்யூட்டராண்ட உக்காருவாங்களே, அவங்கதான் இந்த நம்பர எழுதிக் குடுத்தாங்க. எப்ப வேணா கூப்புடுங்க, கண்டிப்பா பாக்கறேன்னு சொன்னாங்க."

அப்பா நம்பரைத்தான் எல்லோருக்கும் கொடுத்துவைத்திருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"அவ பந்தோபஸ்து போயிருக்கா," என்றேன். "வந்ததும் சொல்றேன்."

இந்தத் தடவை பொய் இல்லை. வந்ததும் முதலில் இரண்டு ஷூவையும் நானே கழற்றிவிட வேண்டும். கதவைத் திறந்தேதான் வைத்திருக்கிறேன்.