சித்தி பொம்மையின் சால்வை

பெரியவளே,

பால் காய்ச்சி வைத்திருக்கிறேன். தம்பி தங்கைகள் ஐந்து பேருக்கும் ஊற்றிக் கொடு. அம்மா இறந்ததிலிருந்து உங்களுக்கு வீட்டிலேயே பாடம் நடத்தும் சித்தி வழக்கம்போல் வருவாள். நம் வீட்டார் ஒவ்வொருவரையும் போல நேற்று நீங்கள் செய்த காலுறைப் பொம்மைகளில் பசை இன்னும் காயவில்லை, யாரும் தொட வேண்டாம்.

நேற்று நான் பசியில்லை என்றது பொய். வயிற்றெரிச்சல். சித்தி பொம்மைக்கு அம்மாவின் நீலச் சால்வையை வெட்டிப் போர்த்தியிருக்கிறீர்கள். எனக்கு முட்டை அட்டையில் ஒரு தொப்பி. "நீங்கதான் வீட்லயே இருக்கறதில்லையே, உங்களுக்கு எதுக்குப்பா அலங்காரம்?" என்று கடைக்குட்டி வேறு கேட்கிறான். துணி மிச்சமிருந்தால் என் பொம்மைக்கும் ஒரு துண்டு ஒட்டு.

அப்பா

பி.கு.: ஒட்ட வேண்டாம். மேசைக்கடியில் விரலகல நீலத் துண்டு ஒன்று கிடைத்தது. சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறேன். சித்தியிடம் சொல்லாதே, தன் அக்காவின் சால்வை என்று அதையும் கேட்பாள்.