பெங்களூரில் இறங்கிய மூடுபனி

ஞாயிறு இரவு, ஏற்காடு

பெங்களூரிலிருந்து வந்து சேர்ந்துவிட்டோம். இவர் காலையில் செய்த காரியத்தை நினைத்தால் எங்கே தூக்கம் வரும்?

மகள் அங்கே நவீன வடிவமைப்பு அருங்காட்சியகத்தில் போன மாதம்தான் வேலைக்குச் சேர்ந்தாள். ஆசையாகச் சுற்றிக்காட்டினாள். உட்கார முடியாத நாற்காலி, மணி தெரியாத கடிகாரம் எல்லாம் பார்த்தோம். இவர் எதையும் தொடவில்லை. எனக்கே பெருமையாக இருந்தது.

கடைசி அறையில் தரை முழுக்கக் காப்பிக்கொட்டையைப் பரப்பியிருந்தார்கள். அதுவும் வடிவமைப்புதானாம். திடீரென்று ஒரு மெஷின் வெள்ளையாகப் புகை விட்டது. அசல் நம்மூர் மூடுபனி. எஸ்டேட்டில் காப்பி காயும் களத்தைக் காத்தே தலை நரைத்த மனுஷர் சும்மா இருப்பாரா?

"பனி எறங்குது, கொட்டை நனைஞ்சிரும், மூடுங்க!" என்று கத்தினார். சுவரில் தொங்கிய பெரிய துணியை உருவிக் கொட்டையின் மேல் போர்த்திவிட்டார். அந்தத் துணியும் காட்சிப்பொருள். மகளின் மேலதிகாரி பக்கத்திலேயே நின்றார்.

சற்றுமுன் மகள் போன் செய்தாள். "ஊடு போய்ச் சேந்துட்டீங்களாம்மா? அப்பாவ இனி இந்தப் பக்கமே கூட்டிட்டு வராதீங்க. நொம்ப அவமானமாப் போச்சுங்க."

"உங்கப்பாவுக்குக் கொஞ்சங்கூட வெவரம் பத்தாது கண்ணு" என்றேன்.

இவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார்.

அவ்வளவு பெரிய துணியை ஒற்றை ஆளால் விரிக்க முடியுமா? மறுமுனையைப் பிடித்து இழுத்தது நான்தான். புகை விலகுவதற்குள் கையை எடுத்துவிட்டேன்.