அந்தப் பெட்டி என் கடைக்கு வேண்டாம்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசுதான் கொஞ்சம் கொதித்துக்கொண்டு இருக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, நல்லபடியாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் நினைப்பெல்லாம். நேற்று நீ போனில், "கடையைக் காலி பண்ணச் சொல்ற அளவுக்கு ஏம்மா வம்பை வெலைக்கு வாங்குற, பேசாம அந்தப் பெட்டியைத் திரும்ப வச்சிடு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். எனக்குப் போனில் வாதாட வராது. நான் வாயைத் திறந்தாலே உன் அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு வேண்டுமென்றே இருமுவார். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், திரும்ப வைக்க மாட்டேன். ஏன் என்று முழுசாகக் கேள், அப்புறம் திட்டு.

அந்தப் பெட்டியை நம் சலவைக் கடைக்குக் கொண்டுவந்தது கட்டடக்காரர்தான். கூடவே சென்ட் மணக்க மணக்க ஒரு பெட்டிக்காரன். துணி உலர்த்தும் மெஷினுக்கும், ஆட்கள் காத்திருக்கும் பெஞ்சுக்கும் நடுவில் அதை நிறுத்தினார்கள். காசு போட்டுப் பொத்தானை அழுத்தினால் மூன்று படம் சுற்றும், மூன்றும் ஒன்றாக நின்றால் பரிசு. அது நிற்கிற வரைக்கும் கடைக்கு வாடகை வேண்டாம் என்றார் கட்டடக்காரர். அப்பாவுக்கு வாயெல்லாம் பல். "சும்மா கெடந்த மூலை சம்பாதிக்குது பாத்தியா" என்றார். நானும் கெட்டது என்று நினைக்கவில்லை, குழந்தைகள் ஏறி நிற்கிற எடை பார்க்கும் மெஷின் மாதிரி இதுவும் ஒரு ஓரமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் இருந்தேன்.

இஸ்திரி மேஜையில் நின்றால் எனக்கு யார் முகமும் தெரியாது, முதுகுதான் தெரியும். அந்த முதுகுகளைப் பார்த்துத்தான் எனக்கு முதலில் சந்தேகம் வந்தது. துணி துவைத்து முடித்த மெஷின் கூவிக்கூவி அடங்கும், துணிக்குச் சொந்தக்காரர் எழுந்து வரமாட்டார். இரண்டு படம் சேர்ந்து மூன்றாவது ஒரு துளி தள்ளிப் போய் நின்றால் ஐயோ என்று எழுந்து போவார்கள் என்று நினைப்போம் இல்லையா, அப்போதுதான் முதுகு இன்னும் முன்னால் வளையும். தோற்றுவிட்டேன் என்று ஒருவர் வாயிலும் வராது. "மயிரிழையில போச்சு" என்பார்கள், ஏதோ பாதி ஜெயித்துவிட்ட மாதிரி. போன தடவை லீவுக்கு வந்தபோது நீ சாப்பாட்டு மேஜையில் உன் வேலையைப் பற்றிச் சொன்னாயே, போன் விளையாட்டில் பரிசு எப்போது விழ வேண்டும் என்று முடிவு பண்ணுவதுதான் உன் பிரிவு என்று, "எப்பவும் குடுத்தா சலிச்சிடும், குடுக்கவே இல்லேன்னா எந்திரிச்சுப் போயிடுவாங்க, எப்ப வரும்னு தெரியாமக் குடுத்தாத்தாம்மா கை விடாது" என்று. அப்பா அதைத் தெரு முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டார். எனக்கு அன்றைக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. இப்போது விளங்கிவிட்டது.

நம் நர்ஸம்மாவை உனக்குத் தெரியும். எனக்குக் கல்லுக்கு ஆபரேஷன் நடந்தபோது கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றவள், வலிக்கு மருந்து எழுதத் தாமதம் பண்ணிய டாக்டரையே ஒரு பிடி பிடித்தவள். நைட் டியூட்டி முடிந்து போகிற வழியில் யூனிபார்மைக் கொண்டுவந்து துவைக்கப் போடுவாள். வாரத்துக்கு ஒரு தடவை வந்தவள் தினமும் வர ஆரம்பித்தாள். ஒருநாள் அவள் பையைப் பிரித்தேன், எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உள்ளே இருந்தது எல்லாம் துவைத்த துணி. நான் முந்தின நாள் இஸ்திரி போட்ட மடிப்புகூடக் கலையவில்லை. கடைக்குள் வந்து உட்கார ஒரு சாக்கு வேண்டும் என்று சுத்தமான துணியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள்.

தனியாகக் கூப்பிட்டுப் பக்குவமாகத்தான் கேட்டேன். சிரித்தாள். "அக்கா, விடிய விடிய ஒவ்வொரு கட்டில்லயும் ஒரு முனகல். இதுக்கு முன்னாடி உக்காந்தாத்தான் மண்டைக்குள்ள சத்தம் நிக்குது" என்றாள். அந்த வாரமே அவளுக்குப் பெரிய பரிசு விழுந்தது. மணி அடித்தது, காசு கொட்டியது, பெஞ்சில் இருந்தவர்கள் கை தட்டினார்கள், உன் அப்பாவும் தட்டினார். எல்லோருக்கும் டீ சொன்னாள். சரி, ஆசை தீர்ந்தது, இனி எழுந்து போவாள் என்று நினைத்தேன். திரும்ப உட்கார்ந்தாள். டீ ஆறுவதற்குள் வந்தது எல்லாம் வந்த வழியே போய்விட்டது. போனதற்கு அவள் வருத்தப்படக்கூட இல்லை, நடுவில் டம்ளரை நீட்டிய டீக்கடைக்காரர் மேல்தான் எரிந்து விழுந்தாள்.

அதற்குப் பிறகு ஒருநாள் அவளுக்குப் பகல் டியூட்டி. போகாமல் இங்கே உட்கார்ந்திருக்கிறாள். அவள் போனை எடுக்கவில்லை என்று ஆஸ்பத்திரியில் இருந்து நம் கடைக்கே கூப்பிட்டுவிட்டார்கள். வார்டில் ஆள் இல்லை, அங்கே இருக்கிறாளா என்று கேட்டார்கள். அவள் தலையைக்கூடத் திருப்பாமல், "இல்லேன்னு சொல்லிடுங்கக்கா" என்றாள். என் ஆபரேஷன் அன்றைக்கு யாரோ ஒருத்தி இப்படிச் சொல்லச் சொல்லியிருந்தால் என் கையை யார் பிடித்திருப்பார்கள் என்று ஒரு நினைப்பு வந்தது பார், அவ்வளவுதான். "இருக்கா, இதோ கெளம்பிட்டா" என்று சொல்லிவிட்டு நேராகப் போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன். எப்படிக் கத்தினாள் தெரியுமா. "இப்பத்தான் வர்ற நேரம், எல்லாத்தையும் கெடுத்துட்டீங்க, என் காசு, என் கை, கேக்க நீங்க யாரு" என்று என் மேல் பாய்ந்து விரலைப் பிரிக்கப் பார்த்தாள். நானும் விடவில்லை, பிளக்கைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு நின்றேன். கடைசியில் அழுதுகொண்டே வாயில் வந்ததெல்லாம் சொல்லிவிட்டு, பையைக்கூட எடுக்காமல் போனாள்.

அன்றைக்கே அழுக்குத் துணி வண்டியில் அந்தப் பெட்டியை ஏற்றி, ஒருத்தியாகவே தள்ளிக்கொண்டு போய் வாசல் கூரைக்கு அடியில் வைத்தேன். அடுத்தவன் பொருள் நனைந்துவிடக் கூடாது என்று பிளாஸ்டிக் விரிப்பும் போட்டு மூடினேன். அப்பா உதவிக்கு வரவில்லை. "பொழைக்கத் தெரியாதவ" என்று உலர்த்தும் மெஷினைப் பார்த்துச் சொன்னார். மூன்று நாள் என்னிடம் பேசவேண்டியதை எல்லாம் அந்த மெஷினிடம்தான் சொன்னார்.

கட்டடக்காரரும் பெட்டிக்காரனும் சேர்ந்து வந்தார்கள். "பெரியம்மா, நாங்க யாரையாவது கையப் புடிச்சு இழுத்தமா?" என்று பெட்டிக்காரன் நயமாகக் கேட்டான். "கையப் புடிச்சு இழுத்தா ஒதறிட்டுப் போயிடுவாங்க தம்பி. உன் பெட்டியை ஒதற முடியல, அதான் வெளிய வச்சேன்" என்றேன். பெட்டி உள்ளே வர வேண்டும், இல்லையென்றால் மாசக் கடைசியில் கடையைக் காலி பண்ண வேண்டும் என்று கட்டடக்காரர் விரலை நீட்டிப் பேசினார். அப்போதுதான் உன் அப்பா இஸ்திரி மேஜையை விட்டு வந்து என் பக்கத்தில் நின்றார். கையில் சூடான இஸ்திரிப் பெட்டி, கீழே வைக்க மறந்துவிட்டார். அதைப் பார்த்து அவர்கள் இரண்டு பேரும் ஓரடி பின்னால் போனார்கள். "அவ சொன்னதுதான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அது போதும்.

நீ கேட்டாய், இந்த வயசில் பழகின இடத்தை விட்டுவிட்டு பஸ் டிப்போ பின்னால் நாங்கள் பார்த்து வைத்திருக்கிற இடத்தில் புதுக்கடை போடுவது மட்டும் சூதாட்டம் இல்லையா என்று. பயம் எனக்கும் இருக்கிறது. தண்ணீர் அங்கே நூலாகத்தான் வருகிறது, தரையும் ஒரு பக்கம் சரிவு. ஆனால் தண்ணீர் வராவிட்டால் தொட்டி கட்டுவேன், ஆள் வராவிட்டால் வீடு வீடாகப் போய்த் துணி எடுப்பேன். ஒன்று சறுக்கினால் இன்னொன்று செய்ய எனக்கு வழி இருக்கிறது. அந்தப் பெட்டி முன்னால் உட்கார்ந்தவளுக்குப் பொத்தானை அழுத்துவதைத் தவிர வேறு என்ன இருந்தது சொல்.

நான் அவளைத் திருத்திவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அவள் துணியை ஆஸ்பத்திரி வாட்ச்மேனிடம் கொடுத்தனுப்பினேன், ஒரு வார்த்தை திரும்பி வரவில்லை. டிப்போ பக்கம் ஒருநாள் எதிரே வந்தவள் என்னைப் பார்த்ததும் ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போய்விட்டாள். பெட்ரோல் பங்க்கிலும் அதே மாதிரி பெட்டி இருக்கிறது, அங்கே உட்காருகிறாள் என்று கேள்வி. அங்கேயும் போய்ப் பிடுங்கலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனாலும் ஊரில் இருக்கிற பெட்டியை எல்லாம் பிடுங்க எனக்கு அதிகாரம் இல்லை. என் கடைக்குள் இருந்த பிளக்கின் மேல்தான் எனக்கு அதிகாரம். அதைச் செய்தேன், நாளைக்கும் செய்வேன்.

"இஷ்டம் இல்லேன்னா வெளையாடாமப் போகட்டுமே" என்றும் சொன்னாய். அவள் ஏமாளி இல்லைடி. பச்சைக் குழந்தையின் கையில் நரம்பைத் தேடாமலே கண்டுபிடிக்கிறவள். அவளாலேயே எழ முடியவில்லை. உன் வேலையை விடு என்று நான் சொல்லவில்லை, அது உன் படிப்பு, உன் உழைப்பு. ஆனால் பரிசு எப்போது விழ வேண்டும் என்று கூடிப் பேசுகிற அறையில் உட்காரும்போது, அந்தப் பக்கம் நர்ஸம்மா உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு பேசு. கோபம் வந்தால் வரட்டும். அம்மாவிடம் கோபித்துக்கொள்ளாமல் வேறு யாரிடம் கோபித்துக்கொள்வாய்.

மற்றபடி உன் சித்திக்கு முழங்கால் வலி பரவாயில்லை, இப்போது படி ஏறுகிறாள். கண் எரிகிறது என்றாயே, டாக்டரிடம் காட்டினாயா? காட்டிவிட்டு எழுது. இரண்டு பேரும் ஒற்றுமையாக, நோய்நொடி இல்லாமல், நிறைந்த மனசோடு நீண்ட நாள் வாழ வேண்டும். இன்னொன்று, திரும்ப யோசி என்று சொல்லப் போன் பண்ணாதே. இன்றைக்குக் காலையில் புதுக்கடைச் சாவியை வாங்கிவிட்டோம். நீ இதைப் படிக்கும்போது பெரிய மெஷின் அங்கே ஓடிக்கொண்டிருக்கும். ஊருக்கு வந்தால் பழைய தெருவில் போய்த் தேடாதே, டிப்போவில் யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள்.

இப்படிக்கு,
உன் அம்மா
(பிடிவாதக்காரி என்று சேர்த்து எழுதச் சொல்கிறார் அப்பா, எழுதிவிட்டேன்.)