அக்கா கையெழுத்து இல்லாம முடியாது

ஆவணி 3, புதன்

காலையிலேயே புழுக்கம். மத்தி மட்டும்தான் வரத்து. பத்து மணிக்கெல்லாம் கூடை காலி.

அட்வான்ஸ் குடுத்து அக்ரிமெண்ட் போட்டாச்சு, திங்கக்கிழமை பத்திரப்பதிவு. பட்டுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ரெண்டு கடை, மேலே ஒரு ரூம். கீழே ஒரு டெய்லர், ஒரு கயிறு வியாபாரி, ரெண்டு பேரும் வாடகைக்கு. அந்த வாடகை வந்தா கூடையை இறக்கி வச்சிடலாம். இடது கை இப்பல்லாம் தோளுக்கு மேல போக மாட்டேங்குது.

வேலை: ஆதார், பான் ஜெராக்ஸ். போட்டோ 2. சாட்சி ரெண்டு பேர். வக்கீலம்மாகிட்ட பேப்பர் காட்டணும். இவருக்கு முட்டித் தைலம்.

புரோக்கர் கணேசன் கேக்கிறான்: "வீட்டுக்காரர் பேர்ல போட்டுடலாமாக்கா?" மீன் வித்தது வீட்டுக்காரரா? என் பேர்லதான்.

ஆவணி 4, வியாழன்

வக்கீலம்மா ஒவ்வொரு தாளா நிதானமா படிச்சாங்க. வில்லங்கச் சான்று சரி. மூலப்பத்திரம், விக்கிற செல்வராசோட அப்பா பேர்ல. அவர் செத்துட்டார். வாரிசுச் சான்றுல ரெண்டு பேர்: மல்லிகா, செல்வராசு. விக்க வந்திருக்கிறது தம்பி மட்டும்.

"அக்கா கையெழுத்து இல்லாம வாங்கினா பாதிக் கட்டடம்தான் உங்களுது."

கணேசனுக்குப் போன். "அது ஒண்ணும் இல்லக்கா, அப்புறமா எழுதி வாங்கிக்கலாம்." அப்புறம்னா எப்போ? லைன் கட்.

ஆவணி 5, வெள்ளி

செல்வராசு மார்க்கெட்டுக்கே வந்துட்டார். வெள்ளை வேட்டி. மீன் தண்ணி படாம தள்ளி நின்னுக்கிட்டு சத்தம்.

"அவளுக்குக் கல்யாணத்துலயே நகை போட்டு அனுப்பியாச்சு. என்ன பங்கு? திங்கக்கிழமையோட கெடு முடியுது. முடிக்கலேன்னா அட்வான்ஸ் போச்சு. வேற பார்ட்டி ரெடி."

"வில்லங்கம் இல்லாம எழுதித் தரேன்னு அக்ரிமெண்ட்ல கையெழுத்து போட்டது நீங்கதானே? அக்காவைக் கூட்டிட்டு வாங்க, அன்னிக்கே முடிப்போம்."

வஞ்சிரத்தை வெட்டிக்கிட்டேதான் சொன்னேன். 

சாயங்காலம் வீட்டுல இவர்: "அவங்க வீட்டுச் சண்டை நமக்கெதுக்கு? முடிச்சுட்டு வா." முடியாதுன்னேன். திரும்பிப் படுத்துக்கிட்டார்.

எனக்கும் நகை போட்டுத்தான் அனுப்பினாங்க. எங்கப்பாவோட மீன்பிடி போட் என் தம்பிக்குப் போச்சு. நான் ஒரு வார்த்தை கேக்கல. ஏன் கேக்கல?

ஆவணி 7, ஞாயிறு

முதல் பஸ். தஞ்சாவூர்ல இறங்கி பாசஞ்சர் ரயில். மல்லிகா இருக்கிறது பூதலூர்ல. டெய்லர்தான் தெருவைச் சொன்னார்.

சம்பா நாத்தங்காலுக்குத் தண்ணி வச்சுட்டு மண்வெட்டியோட வந்தாங்க. என்னை விட அஞ்சாறு வயசு மூத்தவங்க. விக்கிற விசயமே தெரியாது. மண்வெட்டியைச் சுவத்துல சாத்தினாங்க. பிறகு:

"நீங்க ஏன் வந்து சொல்றீங்க? உங்களுக்கு என்ன லாபம்?"

"நாளைக்கு நீங்க கேஸ் போட்டா நான் கோர்ட்டுக்கு அலையணும். அதான் லாபம்."

சிரிச்சுட்டாங்க. சாப்பிடாம விடல. ஆத்து மீன் குழம்பு. சொல்லக் கூடாது, மண் வாசம்.

பேசி முடிச்சது: வருவாங்க. பேங்க் டிடி ரெண்டா எடுக்கணும், தம்பி பேர்ல ஒண்ணு, அவங்க பேர்ல ஒண்ணு. வக்கீலம்மாவுக்குச் சொல்லியாச்சு, பத்திரத்தை மாத்தி அடிப்பாங்க.

வருவாங்களா?

ஆவணி 8, திங்கள்

வந்தாங்க. கட்டியிருந்தது பட்டுச் சேலை.

ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கூட்டம். சர்வர் டவுன். செல்வராசு அக்காவைப் பாத்ததும், "இவளை யாரு கூட்டிட்டு வந்தது?"

"நான்தான்."

விறுவிறுன்னு எதிர் டீக்கடைக்குப் போயிட்டார். கணேசன் என் காதுல, "காரியத்தைக் கெடுத்துட்டீங்களேக்கா." நகந்து போடான்னேன். மூணு மணி ஆச்சு. அட்வான்ஸ் போனாலும் போகட்டும், பாதிக் கட்டடம் வாங்க மாட்டேன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே இருந்தேன். 

கடைசியில மல்லிகாக்கா எழுந்து போனாங்க. நானும் பின்னாலேயே.

"தம்பி, எத்தனை பார்ட்டி வந்தாலும் என் கையெழுத்து இல்லாம இதை விக்க முடியாது. விக்க வேணாமா, சரி. வாடகையில பாதி எனக்கு மாசாமாசம் குடுத்துடு. எனக்கு ரெண்டும் சம்மதம்."

அவர் டீயைப் பாதி குடிச்சிட்டு எழுந்து ஆபீசுக்குள்ள நடந்தார்.

நாலே காலுக்கு சர்வர் வந்துது. போட்டோ, கைரேகை. செல்வராசு யார் முகத்தையும் பாக்கல. என் விரல் மிசின்ல பதியல, தேஞ்சு போயிருக்காம். கட்டை விரலைச் சேலையில துடைச்சுத் துடைச்சு அஞ்சாவது தடவை விழுந்துது.

மல்லிகாக்கா டிடியை ரெண்டா மடிச்சு ஜாக்கெட்டுக்குள்ள வச்சுக்கிட்டாங்க. "ஒரு நாள் கடல் மீன் சாப்பிட வரேன்"ன்னாங்க.

வீட்டுல சொன்னேன்.  இவரே எழுந்து போய் டீ போட்டுக் கொண்டாந்தார். சர்க்கரை ஜாஸ்தி.

ஆவணி 9, செவ்வாய்

தூறல். கடைக்குப் போனேன். டெய்லர் ஸ்டூலைத் தொடைச்சுப் போட்டார். "இனிமே வாடகை உங்ககிட்டதானே?"

மேல் ரூம்ல மட்டும் செல்வராசு பூட்டு. போன் பண்ணினா, "பழைய சாமான் கிடக்கு, ஆறு மாசம் போகட்டும், காலி பண்றேன்."

ஆறு மாசமா! கட்டடம் முழுக்க சுவாதீனம் ஒப்படைச்சாச்சுன்னு நேத்து கையெழுத்து போட்ட மனுசன்.

எதிர்க்கடையில பெரிய பூட்டா ஒண்ணு வாங்கினேன். அவர் பூட்டு மேலயே என் பூட்டைப் போட்டேன். டெய்லர்கிட்ட சொல்லிட்டு வந்தேன்: "அவர் வந்தா என்னைக் கூப்பிடச் சொல்லுங்க. வந்து திறந்து விடறேன். சாமானை அள்ளிக்கிட்டு அன்னிக்கே சாவியைக் குடுத்துட்டுப் போகட்டும்."

இதை எழுதறப்பவே மூணு தடவை போன். செல்வராசுதான், பூட்டைப் பாத்திருப்பார். அடிக்கட்டும், சோறு வடிக்கணும்.