பன்றிக்குட்டிக்கு ஒப்பாரி

மதிப்பிற்குரிய டெலெசோன் அண்ணாவுக்குத் தம்பி ஃபைனிப்போஸ் ஏதென்ஸிலிருந்து எழுதுவது. தாசோஸ் தீவின் காற்று உங்கள் உடம்புக்கு ஒத்துக்கொள்ளட்டும். அண்ணி நலம்.

இந்தக் கடிதம் வரும் கப்பலில், இங்கே நாடகத் திருவிழா பார்த்த தாசோஸ்காரர்களும் திரும்புகிறார்கள். அவர்கள் சொல்லி நீங்கள் கேட்கும் முன் நானே சொல்லிவிட வேண்டும்.

முந்தாநாள் நகைச்சுவை நாடகத்தில் ஒரு தடித்த சமையற்காரன் கறுப்புப் போர்வையோடு வந்தான். கையில், துணியில் சுற்றிய செத்த பன்றிக்குட்டி. வாயைத் திறந்தான். அண்ணா, அது உங்கள் ஒப்பாரி. நம் குழந்தை மிக்கோஸ் காய்ச்சலில் போனபின் நீங்கள் எழுதி, போன ஆண்டு உங்கள் சோக நாடகத்தில் தாய் வேடத்தில் நான் பாடியது. “கண்ணே, உன் செருப்பு வாசலில் கிடக்கிறதே, நீ எங்கே?” என்று நான் பாடியதை அவன், “கண்ணே, உன் குளம்பு சட்டியில் கிடக்கிறதே, நீ எங்கே?” என்று பாடினான். ராகம்கூட மாறவில்லை. நான் மார்பில் அடித்துக்கொண்டதைப் போலவே அவனும் அடித்துக்கொண்டான். அன்று என் கையைப் பிடித்து அழுதவர்களே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.

அண்ணியிடம் மறைக்க நினைத்தேன். பக்கத்து வீட்டுக்காரி முந்திக்கொண்டாள். அண்ணி நூற்பதை நிறுத்திவிட்டு, அதை அப்படியே நடித்துக் காட்டச் சொன்னார். மாட்டேன் என்றேன். விடவில்லை. தலையணை ஒன்றை என் கையில் திணித்தார். அழுகையை அடக்கிக்கொண்டு பாடினேன். குளம்பு வரி வந்ததும் அண்ணி சிரித்துவிட்டார். இரண்டு வருஷத்தில் முதல் தடவை. மேடையில் கண்டதைவிட இதைக் கண்டுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னது: “நம்ம மிக்கோஸ் பன்னிக்குட்டி மாதிரியே கத்துவானே தம்பி, ஞாபகம் இருக்கா? உங்க அண்ணன் அதை எழுதவே இல்லையே. அவன் செத்ததை மட்டும்தானே எழுதினாரு.”

நீங்கள் கப்பலேறிய நாளிலிருந்து அவன் பெயரை இந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. அன்று சாயங்காலம்வரை அண்ணி அவனைப் பற்றியே பேசினார். பாதிக் கதைகள் எனக்குத் தெரியாதவை. மீதியைக் கேட்டால், அது உங்களுக்குத்தான் தெரியும் என்கிறார்.

அந்த நகைச்சுவை நாடகத்தை எழுதிய கவிஞன்மேல் வழக்குப் போட வேண்டுமென்று உங்களுக்குத் தோன்றும். போடுங்கள். ஆனால் அதற்கு நீங்கள் இங்கே இருக்க வேண்டும். கோபத்தோடு வந்தாலும் சரி, வாருங்கள் அண்ணா. கடல் உங்களுக்கு வழிவிடட்டும்.

உங்கள் தம்பி,
ஃபைனிப்போஸ்