வாசலில் கழற்றிய கண்ணாடி

இன்று ஆஸ்பத்திரியில் நம் அறைக்கு வெள்ளையடிக்க ஆள் வந்திருந்தார். மேசையை நகர்த்தியபோது பின்னாலிருந்து உன் பழைய மூக்குக் கண்ணாடிக் கூடு விழுந்தது. ஆஸ்பத்திரி முழுக்கத் தேடிவிட்டு, நான்தான் தொலைத்தேன் என்று என் மேல் பழியைப் போட்டாயே, அதேதான். திறந்ததும் உன் சந்தனப் பவுடர் வாசனை லேசாக வந்தது. கண்ணாடியா, சோடா பாட்டில் அடியா என்று நான் கிண்டல் செய்த அதே தடித்த கண்ணாடி. வெள்ளையடிப்பவர் முன்னால் அழக்கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஊரில் எல்லோரும் தெருவில் இறங்கும்போது கண்ணாடி போடுவார்கள். நீ ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டியதும் கழற்றுவாய். நாம் நர்ஸாக இருந்தது பால்வினை நோய்ப் பிரிவில். நம்மிடம் வந்தவர்களையே மறுநாள் ஆவடி மார்க்கெட்டிலோ ரயிலிலோ பார்ப்போம். நாம் சிரித்தால் போதும், "இந்த சிஸ்டர உனக்கு எப்டித் தெரியும்?" என்று கூட வந்தவர் கேட்பார். அந்த ஒரு கேள்வியில் ஒரு குடும்பம் கலைந்துவிடலாம். அவர்களாக வந்து பேசினால் பேசலாம், நாமாகத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது என்பது நம் வழக்கம். நானும் கண்ணாடிக்காரிதான், கழற்றாமலே முகத்தைக் கல்லாக்கிக்கொள்வேன். உனக்கு நடிக்க வராது. "கழட்டிட்டா நெஜமாவே ஒருத்தரும் தெரியமாட்டாங்கடி. பொய்யே சொல்ல வேணாம் பாரு" என்பாய். இதனால் ஒருமுறை நின்றிருந்த ஆட்டோவில் போய் இடித்துக்கொண்டாய். "இன்னா நம்பர்டி?" என்று நீ கேட்க, தினமும் நான்தான் பஸ் நம்பரைப் படித்துச் சொல்வேன். வேண்டுமென்றே தப்பான பஸ்ஸில் உன்னை ஏற்றிவிட்டு வேடிக்கை பார்த்ததும் உண்டு.

உன் அக்கா மகளுக்கு நிச்சயமான கொஞ்ச நாளில் அந்த மாப்பிள்ளைப் பையன் நம் அறைக்குள் வந்தான். நசரத்பேட்டைக்காரன், அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்பெனி வேலை. நிச்சயத்தன்று அவன் நெற்றியில் சந்தனம் வைத்தவளே நீதான். உன்னைப் பார்த்ததும் திரும்பி ஓடப் பார்த்தான். "உக்காருப்பா. இங்க நான் அத்தை இல்ல, சிஸ்டர்" என்றாய்.

பரிசோதனையில் நோய் இருப்பது உறுதியானது. மருந்தில் குணமாகிற நோய்தான், ஆனால் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. "ஊட்ல சொல்லிடாதீங்க அத்தை" என்று கும்பிட்டான். "நான் சொல்லமாட்டேன். அவகிட்ட நீதான் சொல்லணும். மருந்து முடிச்சு, மறுபடி ரத்தம் பாத்து, டாக்டர் சரின்ற வரைக்கும் கல்யாணத்தத் தள்ளி வைக்கணும். அதையும் நீயே சொல்லு" என்றாய்.

அன்று பஸ் ஸ்டாப்பில் நாம் போட்ட சண்டை மறக்குமா? நோயாளியின் சம்மதமில்லாமல் வெளியே சொல்லக்கூடாது என்பது எனக்கும் தெரியும். சட்டம் அதுதான், நாம் எடுத்த உறுதிமொழியும் அதுதான். ஆனாலும் ஒன்றும் அறியாத ஒரு பெண்ணின் உடம்பாயிற்றே. "சொந்த அக்கா பொண்ணுடி, ஒரு வார்த்த காதுல போட்டா இன்னா?" என்று கத்தினேன். நீ என் முகம் இருக்கும் திசையை உத்தேசமாகப் பார்த்தாய். "எனக்கு மட்டும் வயிறு எரியலியா? இங்க வர்ற ஒவ்வொருத்தன் பின்னாடியும் எவளோ ஒருத்தி கீறா. ஊட்டுப் பொண்ணுன்னா ஒரு நியாயம், அவளுங்களுக்கு ஒரு நியாயமா? நான் வாயத் தொறந்தா நாளைக்கு ஒருத்தனும் இங்க வரமாட்டான். வைத்தியமே பாக்காம ஊட்டுக்குப் போவான்."

"அவன் சொல்லலேன்னா?"

"டாக்டரை வெச்சுப் பேசுவேன். சொல்ற வரைக்கும் விடமாட்டேன்."

விடவில்லை. டாக்டரும் அவனை உட்கார வைத்துப் பேசினார். ஊசிக்கு வரும்போதெல்லாம் "சொன்னியா?" என்று கேட்டாய். அந்த நாட்களில் உன் சோற்று டப்பா அப்படியே வீட்டுக்குத் திரும்பிப் போனது. பத்திரிகை அடிக்கக் கொடுக்கும் முன்பு, அவன் ஒருவழியாக அந்தப் பெண்ணிடம் சொன்னான். அவள் கல்யாணம் வேண்டாம் என்றாள். காரணம் கேட்ட பெரியவர்களிடம் அவனே எல்லாவற்றையும் சொன்னான், உனக்கு முன்பே தெரியும் என்பது உட்பட.

உன் அக்கா கோவில்பதாகையில் உன் வீட்டுக்கு வந்தபோது நான் அங்கே காபி குடித்துக்கொண்டிருந்தேன். "தெரிஞ்சிகினே வாய மூடிகினு இருந்தியாடி? நீ பெத்த பொண்ணா இருந்தா இருந்திருப்பியா?" என்றார். நீ தலையைக் குனிந்துகொண்டாய். அதன் பிறகு அவர் உன் வாசலை மிதிக்கவில்லை. பொங்கலுக்கு நீ கொடுத்தனுப்பிய தூக்கு திறக்காமலே திரும்பி வந்தது. நீ அவரை ஒரு வார்த்தை குறை சொல்லி நான் கேட்டதில்லை. நாம் ரயிலில் போகும் நாட்களில், திருமுல்லைவாயில் ஸ்டேஷனைத் தாண்டும்போது அக்கா வீட்டுத் தெருப்பக்கம் பார்ப்பாய். அதற்கு மட்டும் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொள்வாய்.

ஒருநாள் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்த நீ எழுந்திருக்கவே இல்லை. அன்று அக்கா வந்தார். அழாமல் உன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். அப்போது ஒரு பெண் வந்து, யாரோடும் பேசாமல் உன் காலைப் பிடித்துக் குலுங்கிக் குலுங்கி அழுதாள். அங்கே யாருக்கும் அவளைத் தெரியவில்லை. உனக்கும் எனக்கும் தெரியும். அதற்கு மேல் உனக்கு எழுதும் இந்த மடலில்கூட எழுதமாட்டேன்.

"யாரும்மா அது?" என்று அக்கா என்னிடம் கேட்டார்.

"தெரியலக்கா" என்றேன்.

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இவளும் இதத்தான் சொல்லியிருப்பா, இல்ல?" என்றார். உன் முகத்தைத் தடவி, "என்கிட்டயும் இப்டித்தானடி இருந்த" என்று சொல்லி அப்போதுதான் வாய்விட்டு அழுதார். அதை நீ கேட்டிருக்க வேண்டும். அதற்காகவாவது இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கலாம் நீ.

இன்று சாயங்காலம் உன் கூட்டை என் பையில் போட்டுக்கொண்டேன். கேட்டைத் தாண்டியதும் முதல் தடவையாக நானும் என் கண்ணாடியைக் கழற்றினேன். நீ சொன்னது சரிதான், எதிரே வந்த ஒருவரையும் தெரியவில்லை, மனசுக்கு லேசாகத்தான் இருந்தது. ஸ்டாப்பில் வழக்கமான இடத்தில் நின்றேன். தூரத்தில் ஒரு பஸ் வந்தது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தும் பிடிபடாமல், "இன்னா நம்பர்டி?" என்று பக்கத்தில் திரும்பிக் கேட்டுவிட்டேன்.